கோதுமை இல்லாமலும் மாவு பொங்கும்

இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் அளவில் மிகச் சிறியது. உள்ளங்கை அகலம், அரை அங்குல உயரம், அவ்வளவுதான். பான்கேக் என்று நம் பிள்ளைகள் ஆசையோடு கேட்கிற அந்த மெத்தென்ற இனிப்புப் பண்டத்தை, கோதுமையில் உள்ள குளூட்டன் என்னும் பசைப்புரதம் துளியும் இல்லாமல், நம் வீட்டு அடுப்பில், நம் வீட்டுத் தோசைக்கல்லில், பஞ்சுபோலச் சுட்டெடுக்க முடியுமா? இதுதான் கேள்வி. முடியும் என்பதே என் பதில். எப்படி முடியும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது சமையல் குறிப்பாகிவிடும். குறிப்புகளுக்கு இன்று பஞ்சமில்லை. ஏன் முடியும் என்று சொல்வதற்காகவே உங்கள் முன் நிற்கிறேன். ஏனென்று தெரிந்தவருக்கு ஒரு மாவு கிடைக்காவிட்டால் வேறு மாவு கிடைக்கும். ஏனென்று தெரியாதவருக்கு ஒரு கரண்டி அளவு பிசகினாலும் பண்டம் கல்லாகிவிடும்.

குளூட்டன் இல்லாமல் ஏன் சமைக்க வேண்டும்? முதலில் இந்தக் கேள்விக்கு நேர்மையாக விடை சொல்ல வேண்டும். சீலியாக் என்று ஒரு நோய் உண்டு. அந்த நோய் உள்ளவர் கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களைச் சாப்பிட்டால், அவருடைய உடலின் காவற்படையே அவருடைய சிறுகுடலைத் தாக்கும். உணவின் சத்தை உறிஞ்சும் நுண்விரல்கள் போன்ற குடல்உறிஞ்சிகள் தேய்ந்து மழுங்கும். வயிறு நிறையச் சாப்பிட்டும் பிள்ளை மெலியும், வளர்ச்சி நிற்கும், இரத்தம் குறையும். இந்த நோயை 1888இல் லண்டனில் சாமுவேல் ஜீ என்ற மருத்துவர் தெளிவாக வருணித்தார். ஆனால் காரணம் என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. அதைக் கண்டுகொண்டவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் கரேல் டிக்கே. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944க்கும் 1945க்கும் இடைப்பட்ட குளிர்காலத்தில், அந்த நாடு பசியில் வாடியது. ரொட்டி கிடைக்கவில்லை. நாடே மெலிந்த அந்த நாட்களில் சீலியாக் நோயுள்ள குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் நோயும் திரும்பி வந்தது. கோதுமையின் மேல் டிக்கேக்கு முன்பே இருந்த சந்தேகம் உறுதிப்பட்டது. 1950இல் அவர் தம் ஆய்வேட்டை வெளியிட்டார். இன்று உலக மக்களில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவருக்கு இந்த நோய் இருப்பதாக மருத்துவ உலகம் கணிக்கிறது. இந்தியாவில், கோதுமை அன்றாட உணவாக உள்ள வட மாநிலங்களில் அதிகமாகவும் தென்னாட்டில் குறைவாகவும் காணப்படுகிறது. இந்த நோயைக் கட்டுப்படுத்த ஒரே வழிதான் உண்டு. வாழ்நாள் முழுவதும் குளூட்டனைத் தொடாமல் இருப்பதே அந்த வழி. அப்படி வாழ வேண்டிய ஒரு குழந்தைக்கு, மற்ற குழந்தைகள் தின்னும் பண்டம் கிடைக்க வேண்டாமா? கிடைப்பதும் அதே மென்மையோடு கிடைக்க வேண்டாமா?

சரி, அந்தக் குளூட்டன் எப்படிப்பட்டது? கண்ணால் பார்க்கக்கூடியதா? பார்க்கலாம். கையால் இழுத்தும் பார்க்கலாம். இத்தாலியின் பொலோனா நகரத்து அறிஞர் ஜாக்கோபோ பெக்காரி கோதுமை மாவைப் பிசைந்து, தண்ணீரில் கழுவிக் கழுவி, எஞ்சியதைப் பிரித்துக் காட்டினார். அவருடைய ஆய்வு 1745இல் அச்சேறியது. அந்தச் சோதனைக்கு ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. சப்பாத்திக்குப் பிசைந்த மாவில் ஓர் எலுமிச்சை அளவு எடுத்து, ஒரு கிண்ணத் தண்ணீரில் மெல்லக் கசக்குங்கள். தண்ணீர் பால்போல வெளுக்கும். அது மாவுச்சத்து. தண்ணீரை மாற்றி மாற்றிக் கசக்கினால், கடைசியில் ரப்பர்போல இழுபடும் ஒரு சிறு உருண்டை கையில் மிஞ்சும். அதுதான் குளூட்டன். இப்போது அதே சோதனையை அரிசி மாவில் செய்யுங்கள். என்ன மிஞ்சும்? ஒன்றும் மிஞ்சாது. உருண்டை முழுவதும் கரைந்து தண்ணீரோடு போய்விடும். இந்தச் சோதனையைப் பார்த்தவர்கள் உடனே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். இழுக்கும் பசை இல்லாத மாவில் காற்று நிற்காது. காற்று நிற்காத மாவு உப்பாது. ஆகவே அரிசி மாவில் மெத்தென்ற பண்டம் வராது என்கிறார்கள். கேட்பதற்கு ஒழுங்கான வாதம்தான். ஆனால் அதன் நடுக்கண்ணி பழுது. காற்றைப் பிடித்து வைப்பது குளூட்டன் ஒன்றால்தான் ஆகும் என்று யார் சொன்னது?

அவையோரே, எந்தப் பண்டமானாலும் மெத்தென்று வருவதற்கு மூன்று வேலைகள் நடக்க வேண்டும். மாவுக்குள் காற்று பிறக்க வேண்டும். பிறந்த காற்று தங்க வேண்டும். காற்று தங்கிய இடம் சூட்டில் இறுகி நிலைக்க வேண்டும். பிறக்க வேண்டும், தங்க வேண்டும், நிலைக்க வேண்டும். இன்றைய பேச்சில் இந்த மூன்று சொற்களை மட்டும் நீங்கள் வீட்டுக்கு எடுத்துச் சென்றால் போதும். இவற்றில் குளூட்டன் செய்யும் பெரிய வேலை நடுவிலுள்ள ஒன்றுதான். அது காற்றைத் தங்க வைக்கிறது. ஓரளவு நிலைக்கவும் துணை செய்கிறது. ரொட்டிக்கு இந்த வேலை உயிர்நாடி. ஈஸ்ட் மணிக்கணக்கில் விடும் வாயுவை விடாமல் பிடித்துக்கொண்டு, பலூன்போல விரிந்து கொடுக்க வேண்டும் அல்லவா? பான்கேக்கின் கதை வேறு. கல்லில் ஊற்றிய மாவு வேகச் சில நிமிடமே ஆகும். அந்தச் சில நிமிடம் காற்று தங்கினால் போதும். இதற்குச் சான்று வேண்டுமா? கோதுமைப் பான்கேக் செய்யும் எந்தச் சமையல் புத்தகத்தையும் திறந்து பாருங்கள். ஓர் எச்சரிக்கை தவறாமல் இருக்கும். மாவை அதிகம் கலக்காதீர்கள், சிறு கட்டிகள் இருந்தாலும் பரவாயில்லை, விட்டுவிடுங்கள் என்று சொல்லியிருப்பார்கள். ஏன்? கலக்கக் கலக்கக் குளூட்டன் வலுக்கும். குளூட்டன் வலுத்தால் பான்கேக் தோல்போல இழுபடும். கோதுமைச் சமையற்காரரே குளூட்டனைக் கண்டு அஞ்சுகிற பண்டம் இது. அவர் அடக்கி வைக்கப் பாடுபடும் ஒன்று நம்மிடம் தொடக்கத்திலேயே இல்லை. அரிசி மாவை எவ்வளவு அடித்துக் கலக்கினாலும் அது இழுபடாது. இதைக் குறை என்று எண்ணி வருந்துகிறோமே, இதைவிட வேறென்ன அனுகூலம் வேண்டும்?

அப்படியானால் காற்றைத் தங்க வைப்பது யார்? இதற்கு விடை தேடிக் கடல் கடக்க வேண்டாம். நம் வீட்டு இட்லிப் பானையைத் திறந்தால் போதும். இட்லியில் கோதுமை உண்டா? இல்லை. இட்லி மெத்தென்று இருக்கிறதா, இல்லையா? உளுந்து அரைக்கத் தெரிந்த எந்த வீட்டிலும் ஒரு சோதனை உண்டு. வடைக்கு ஆட்டிய மாவில் ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் போடுவார்கள். மிதந்தால் பதம், மூழ்கினால் இன்னும் ஆட்ட வேண்டும். அந்தச் சொட்டு ஏன் மிதக்கிறது? அதற்குள் காற்று புகுந்து, தண்ணீரைவிட அது இலேசாகிவிட்டது. உளுந்தில் இருக்கும் புரதம் காற்றுக் குமிழியைச் சுற்றிப் படலம் விரிக்கிறது. உளுந்தின் வழவழப்பாக நம் கையில் ஒட்டுகிறதே, அந்தக் கொழகொழப்பான மாச்சத்து வகை அந்தப் படலம் உடையாமல் தாங்குகிறது. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1970களில் இந்த இரண்டையும் பிரித்தெடுத்து ஆராய்ந்து, இட்லியின் மென்மைக்கு இவையே காரணம் என்று காட்டினார்கள். இரவெல்லாம் மாவு புளிக்கும்போது லுகோனோஸ்டாக் என்னும் நுண்ணுயிர் வாயுவை உண்டாக்குகிறது. அங்கே காற்று பிறக்கிறது. உளுந்தின் வழவழப்பில் அது தங்குகிறது. ஆவியில் அரிசியின் மாவுச்சத்து வெந்து இறுகும்போது அது நிலைக்கிறது. பிறந்தது, தங்கியது, நிலைத்தது. மூன்று வேலையும் முடிந்தது. கோதுமைக்கு அங்கே வேலையே இல்லை.

இட்லி ஒன்றுதானே, அது விதிவிலக்காக இருக்கலாமே என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். சற்று விரித்துப் பார்ப்போம். அரிசியும் தேங்காயும் சேர்ந்த ஆப்பம், தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இலங்கையிலும் கள்ளின் ஈஸ்ட்டால் பொங்கிற்று. நடுப்பகுதி பஞ்சாகவும் ஓரம் மெல்லிய முறுகலாகவும் இன்றும் பொங்குகிறது. எத்தியோப்பியாவில் டெஃப் என்னும் சிறுதானியத்தைக் கரைத்துப் புளிக்கவைத்து இஞ்சிரா சுடுகிறார்கள். அதன் மேல்புறம் முழுவதும் துளைகள். அந்தத் துளைகளைக் கண்கள் என்று அழைக்கிறார்கள். டெஃப்பிலும் குளூட்டன் இல்லை. ரஷ்யாவில் பக்வீட் மாவை ஈஸ்ட்டோடு புளிக்கவைத்து ப்ளினி சுடும் மரபு உண்டு. பக்வீட்டின் பெயரில் வீட் இருந்தாலும் அது கோதுமைக் குலத்தைச் சேர்ந்ததல்ல. குளூட்டனும் அதில் கிடையாது. நம் சங்க இலக்கியத்துக்கு வாருங்கள். மதுரைக்காஞ்சி இரவு நேர மதுரையைக் காட்டும்போது, பண்டம் விற்கும் கூவியரின் மெல்லிய அடையைத் தேன்கூட்டுக்கு ஒப்பிடுகிறது. தேன்கூட்டின் அழகு எதில் இருக்கிறது? அடுக்கடுக்கான அறைகளில் இருக்கிறது. துளை துளையாக, மென்மையாக இருப்பதே நல்ல அடைக்கு அடையாளம் என்று அந்தக் காலத்துக் கண்ணும் கண்டிருக்கிறது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத நாடுகள், வெவ்வேறு தானியங்கள், வெவ்வேறு அடுப்புகள். ஆனாலும் காற்றைப் பிடிக்கும் கலையை எல்லாரும் கற்றிருக்கிறார்கள். இத்தனை சாட்சிகள் வந்து நின்ற பிறகும் இதை விதிவிலக்கு என்று சொல்லலாமா?

இன்னொரு சாட்சியும் உண்டு. அதைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. பான்கேக்கில் காற்றைப் பிறக்க வைப்பது பேக்கிங் பவுடர். அந்தப் பேக்கிங் பவுடர் எப்படிப் பிறந்தது தெரியுமா? இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஆல்பிரட் பேர்ட் என்று ஒரு மருந்துக்கடைக்காரர் இருந்தார். அவருடைய மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாது, முட்டையும் ஒத்துக்கொள்ளாது. மனைவிக்காக 1837இல் முட்டையில்லாத கஸ்டர்டு பொடியைச் செய்தார். 1843இல் ஈஸ்ட் இல்லாமல் ரொட்டி உப்புவதற்கு ஒரு பொடியைச் செய்தார். சோடா உப்பையும் அமிலப் பொடியையும் ஈரம் படாமல் சேர்த்து வைத்தார்; தண்ணீர் பட்டதும் இரண்டும் கூடிக் கரியமில வாயுவை விடும். இன்று உலகம் முழுவதும் கேக்கும் பான்கேக்கும் உப்புகின்றனவே, அந்தக் காற்று ஒரு வீட்டில் ஒருத்தி எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட முடியவில்லையே என்ற கவலையில் பிறந்தது. ஒருவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்காகச் செய்த மாற்று, கடைசியில் எல்லாருடைய அடுப்படிக்கும் வந்து சேர்ந்தது. மாற்றுச் சமையல் என்றால் தரம் குறைந்த சமையல் என்று எண்ணுகிறவர்கள் இந்த வரலாற்றை ஒரு முறை நினைத்துப் பார்க்கட்டும்.

இனி அடுப்படிக்கு வருவோம். எட்டுப் பான்கேக்குக்கு 120 கிராம் பச்சரிசி மாவு எடுத்துக்கொள்ளுங்கள். மாவு மை போல இருக்க வேண்டும். விரலிடையே தேய்த்தால் நெருடக் கூடாது. கரகரப்பான மாவு தண்ணீரை மெதுவாகக் குடிக்கும். வேகும் நேரத்துக்குள் ஊறாது. வாயில் மணலாகக் கடிபடும். அரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இடித்துச் சலித்த ஈரமாவு இருந்தால் இன்னும் நல்லது. பணியாரமும் அதிரசமும் அறிந்த கைகளுக்கு அது புதிதல்ல. அதோடு 40 கிராம் கார்ன்ஃப்ளார் சேருங்கள். அரிசி மாவு தனியாக வெந்தால் சற்றுக் கட்டியாக அமரும். அந்த இறுக்கத்தை இது தளர்த்தும். ஒரு தேக்கரண்டி இசப்கோல் உமி சேருங்கள். வயிற்றுக்காக மருந்துக்கடையில் வாங்குவோமே, அதே உமிதான். தண்ணீரில் போட்டால் கொழகொழப்பாகும் அல்லவா? உளுந்து இட்லியில் செய்யும் வேலையை அந்தக் கொழகொழப்பு இங்கே செய்யும். இரண்டு முட்டையின் மஞ்சள் கருவோடு 180 மில்லி பால், உருக்கிய வெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, சர்க்கரை ஒன்றரை மேசைக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றைக் கலந்து, மாவைக் கொட்டித் தயங்காமல் அடித்துக் கரையுங்கள். பிறகு மூடிவைத்து 20 நிமிடம் முதல் அரைமணி நேரம் வரை பொறுங்கள். இந்தப் பொறுமையைத் தாண்டிக் குதிக்கிறவர்களுடைய பான்கேக்தான் மணலாகிறது. அரிசி மாவு தண்ணீர் குடிக்க நேரம் வேண்டும். இட்லி அரிசிக்கு ஊறும் நேரம் கொடுக்கும் நாம், அதன் மாவுக்கு மட்டும் ஏன் மறுக்கிறோம்?

மாவு ஊறிய பிறகே காற்றின் வேலை தொடங்க வேண்டும். முதலிலேயே பேக்கிங் பவுடரைப் போட்டுவிட்டால் வாயுவில் ஒரு பகுதி காத்திருக்கும் நேரத்திலேயே வெளியேறிவிடும். ஆகவே, இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடரைக் கடைசியில் சலித்துத் தூவுங்கள். வெள்ளைக் கருவை எண்ணெய்ப் பசையே இல்லாத கிண்ணத்தில், சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, நுரை மென்மையாக எழுந்து நிற்கும்வரை அடியுங்கள். மஞ்சள் கருவின் கொழுப்பு ஒரு துளி கலந்தாலும் நுரை சரியாக ஏறாது. எலுமிச்சையின் புளிப்பு நுரையை உடையாமல் காக்கும். இந்த நுரையை மூன்று தவணையாக மாவில் சேர்த்து, அடியிலிருந்து மேலே அள்ளி அள்ளிக் கலக்க வேண்டும். மாவை முன்பு எவ்வளவு அடித்தாலும் தவறில்லை. நுரை சேர்ந்த பிறகு அடிப்பது தவறு. சட்டியைத் தட்டுவதும் தவறு. அப்போது நாம் கலைப்பது காற்றை. கல்லை மிதமான தீயில் வைத்து, மெல்ல எண்ணெய் துடைத்து, ஒரு குழிக்கரண்டி மாவை ஊற்றி விடுங்கள். தோசைபோல இழுக்காதீர்கள், அது தானாக நிற்கட்டும். மேலே ஒரு மூடி போடுங்கள். ஆப்பத்துக்கு மூடுகிறோமே, அதே காரணம்தான். அடியிலிருந்து சூடும் மேலிருந்து ஆவியும் ஒரே நேரத்தில் வேகவைக்கும். ஏறக்குறைய 65 டிகிரி முதல் 80 டிகிரி செல்சியஸ் வெப்பத்துக்குள் முட்டையின் புரதமும் அரிசியின் மாவுச்சத்தும் இறுகத் தொடங்கும். அந்த இறுக்கம்தான் நம் மூன்றாவது வேலை. தீ அதிகமானால் அடி கருகும், நடு வேகாது. வேகாத நடு, கல்லை விட்டு எடுத்ததும் அமுங்கிவிடும். உப்பி வந்தது, தட்டில் வைத்ததும் சப்பையாகிவிட்டது என்று வருந்துகிறவர்கள் மாவைக் குற்றம் சொல்லாதீர்கள், தீயைக் குறையுங்கள். ஓரத்தில் குமிழிகள் வெடித்து, துளைகள் மூடாமல் நின்றதும் ஒரே ஒரு முறை திருப்புங்கள். திருப்பிய பிறகு தோசைத் திருப்பியால் அழுத்தாதீர்கள். இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த காற்றை ஓர் அழுத்தில் விரட்டலாமா?

முட்டை சாப்பிடாத வீடுகள் என்ன செய்வது? அவர்களுக்கும் வழி உண்டு. அது நம் பாட்டிமார் கண்ட வழி. நான்கு பங்கு பச்சரிசிக்கு ஒரு பங்கு உளுந்து ஊறவைத்து, உளுந்தைத் தனியே, குளிர்ந்த தண்ணீர் தெளித்து, மிதக்கும் பதம்வரை பொங்கப் பொங்க ஆட்டி, அரிசி மாவோடு சேர்த்து இரவு முழுவதும் புளிக்க விடுங்கள். மறுநாள் காலையில் அதில் தேங்காய்ப் பாலும் சர்க்கரையும் ஏலக்காயும் கலந்து, ஊற்றுவதற்குச் சற்று முன்பு கால் தேக்கரண்டி சோடா உப்பைத் தூவுங்கள். மாவின் புளிப்பே அமிலமாகி, சோடாவோடு சேர்ந்து மேலும் காற்றை எழுப்பும். புளிப்பும் அளவோடு தணியும். இதே கணக்கில் அரிசியில் பாதியைத் தினையாகவோ சாமையாகவோ குதிரைவாலியாகவோ மாற்றலாம். இந்தச் சிறுதானியங்கள் எதிலும் குளூட்டன் இல்லை. பிறக்க வேண்டும், தங்க வேண்டும், நிலைக்க வேண்டும். ஆட்கள் மாறினாலும் வேலைகள் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். சூடாக இருக்கும்போது மென்மைதான், ஆறியதும் விறைத்துவிடுகிறதே என்பது முதல் மறுப்பு. உண்மை, ஒப்புக்கொள்கிறேன். ஆறிய சோறு விறைப்பதும் இதே காரணத்தால்தான். வெந்து விரிந்த மாவுச்சத்து குளிரில் மறுபடி நெருங்கி இறுகுகிறது. ஆனால் விறைத்த சோற்றை நாம் என்ன செய்கிறோம்? ஆவி காட்டுகிறோம், மறுபடி இளகுகிறது. பான்கேக்கையும் இட்லிப் பாத்திரத்தில் ஒரு நிமிடம் ஆவியில் வைத்தால் இளகும். இசப்கோல் ஈரத்தைப் பிடித்து வைத்து விறைப்பைத் தள்ளிப்போடும். வழவழப்புக்காக எதையோ சேர்ப்பது செயற்கை அல்லவா என்பது இரண்டாவது மறுப்பு. கடைப் பொட்டலங்களில் வரும் சாந்தன் கம் கூட ஒரு நுண்ணுயிர் சர்க்கரையைப் புளிக்கவைத்துத் தரும் பசைதான். அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனாலும் அது இல்லாமலே நம் வேலை நடக்கும். இசப்கோல் குஜராத்தின் வயல்களில் விளைகிற செடியின் விதையுமி. உளுந்து நம் நஞ்சையில் நெல்லுக்குப் பின் விளைகிறது. இவற்றில் செயற்கை எங்கே வந்தது?

தோசையும் ஆப்பமும் பணியாரமும் இருக்கும்போது நமக்கெதற்குப் பான்கேக் என்பது மூன்றாவது மறுப்பு. அதைச் சொல்பவர்களின் அன்பை மதிக்கிறேன். நம் பண்டங்களின் பெருமையை நானும் இவ்வளவு நேரம் பேசினேன். ஆனால் இந்தக் கேள்வியை அந்தக் குழந்தையின் இடத்தில் நின்று கேட்டுப் பாருங்கள். பிறந்தநாள் விழாவில் எல்லாக் குழந்தைகளின் தட்டிலும் ஒரு பண்டம் இருக்கிறது. நோயுள்ள குழந்தையின் தட்டில் மட்டும் வேறொன்று இருக்கிறது. அந்த வேறொன்று எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் குழந்தைக்கு அது விலக்கு. டொரான்டோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் வளரும் நம் பிள்ளைகளுக்குப் பள்ளித் தோழர்களின் காலை உணவுகளில் பான்கேக்கும் ஒன்று. இந்த நோயோடு அங்கே வளரும் பிள்ளை, தோழர்கள் உண்பதைத் தானும் உண்ண வேண்டும் என்று விரும்புவது தவறா? நம் அறிவு இட்லிப் பானைக்குள் மட்டும் அடங்கிக் கிடக்க வேண்டும் என்று விதியுண்டா?

நான்காவது மறுப்பு எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. குளூட்டன் எல்லாருக்குமே கெடுதல், எல்லாரும் விட்டுவிட வேண்டும் என்கிறார்கள் சிலர். அதற்கு என்னால் உடன்பட முடியாது. சீலியாக் நோயோ கோதுமை ஒவ்வாமையோ கோதுமையால் வரும் வேறு வயிற்றுத் தொல்லையோ இல்லாதவர், நல்ல கோதுமையை விலக்க வேண்டிய காரணம் ஏதும் இல்லை. வெண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்த பான்கேக், குளூட்டன் இல்லை என்பதாலேயே மருந்தாகிவிடாது. இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். சந்தேகம் உள்ளவர் தாமாகவே கோதுமையை நிறுத்திவிட்டுப் பிறகு பரிசோதனைக்குப் போகக் கூடாது. கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் இரத்தப் பரிசோதனை உண்மையைக் காட்டும். நிறுத்தியபின் செய்தால் நோய் இருந்தும் இல்லை என்று வந்துவிடலாம். ஆகவே முதலில் மருத்துவர், பிறகு அடுப்பு.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. பான்கேக் பஞ்சாக வந்தாலும், அதில் கோதுமைத் தூசி கலந்தால் எல்லாப் பாடும் வீண். பன்னாட்டு உணவுத் தரநிர்ணயமும் நம் நாட்டு விதியும், ஒரு கிலோ உணவில் குளூட்டன் 20 மில்லிகிராமுக்குள் இருந்தால்தான் அதைக் குளூட்டன் இல்லாதது என்று சொல்ல அனுமதிக்கின்றன. ஒரு கிலோ மாவில் கலந்துவிட்டால் 20 மில்லிகிராம் கண்ணுக்கே தெரியாது. தெருமுனை மாவு மில்லில் கோதுமை அரைத்த கையோடு நம் அரிசியை அரைத்தால் என்ன ஆகும்? அரிசி மாவு என்ற பெயரில் கோதுமையும் வீட்டுக்கு வரும். சப்பாத்தி சுட்ட கல், மைதா சலித்த சல்லடை, ரவை அள்ளிய கரண்டி, எல்லாம் அப்படியே. ஆகவே அரிசியை வீட்டு மிக்ஸியில் அரைத்துச் சலியுங்கள். சல்லடையைத் தனியே வையுங்கள். பேக்கிங் பவுடர் டப்பாவில் என்ன மாவுச்சத்து கலந்திருக்கிறது என்று படியுங்கள். பலர் அறியாத ஒன்றும் உண்டு. நாம் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கிறது. அரிசித் தோசைக்குப் பயப்படாதவர், அதற்குத் தொட்டுக்கொள்ளும் சாம்பாருக்குப் பயப்பட வேண்டியிருக்கிறது. பார்லி சேர்ந்த மால்ட் பானங்களும் சேமியாவும் ரவா தோசையும் இந்த வீடுகளில் நுழையக் கூடாதவை.

அவையோரே, என் வழக்கை முடிக்கிறேன். மென்மை கோதுமையின் தனிச்சொத்து அன்று. காற்றைப் பிறக்கச் செய்யவும் தங்க வைக்கவும் நிலைக்க வைக்கவும் தெரிந்த எவருக்கும் அது கைவரும். உளுந்து ஆட்டத் தெரிந்த, ஆப்பம் மூடத் தெரிந்த நமக்கு அந்தத் திறமை ஏற்கெனவே கையில் இருக்கிறது. அதை ஒரு புதிய பண்டத்துக்கு நீட்டுவதுதான் பாக்கி. உங்கள் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ, உங்கள் பிள்ளை படிக்கும் வகுப்பிலோ, கோதுமை தொட முடியாத ஒரு குழந்தை இருக்கக்கூடும். அடுத்த முறை பான்கேக் சுடும்போது அந்தக் குழந்தைக்கென்று தனிமாவு கரைக்காதீர்கள். எல்லாருக்கும் சேர்த்து, சுத்தமான சட்டியில், இந்த ஒரே மாவைக் கரையுங்கள். ஒரே கல்லில் சுட்டு, ஒரே தட்டில் பரிமாறுங்கள். அந்தக் குழந்தை யாரிடமும் கேட்காமல் கை நீட்டி எடுத்துச் சாப்பிடட்டும்.